பேரும் நாளும்

லாச்சப்பல், பாரிஸ்
04.02.2024

என் அன்பு அக்காவுக்கு,

தம்பி வாமதேவன் எழுதுகிறேன். இங்கே குளிர் எலும்புவரை போகிறது, மற்றபடி எனக்குக் குறை ஒன்றும் இல்லை. உங்கள் முழங்கால் எப்படி? அத்தானின் இருமல் மாரியோடு போய்விட்டதா?

ஒரு நல்ல செய்தி. இங்குள்ள எங்கள் மாவட்ட ஒன்றியம் ஒரு நினைவுச் சுவர் கட்டுகிறது. மாவட்டத்திலிருந்து போருக்குப் போய்த் திரும்பாத பிள்ளைகள் எல்லாருடைய பேரும் கருங்கல்லில் வரும். லா கூர்னெவ்வில் ஒரு மண்டபத்து முற்றத்தில் இடம் கிடைத்திருக்கிறது. திறப்பு அடுத்த வருடம் மே மாதம்.

ஊரில் அந்தப் பிள்ளைகளைப் புதைத்த துயிலும் இல்லத்தின் கதையை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. தேக்கங்காட்டுப் பக்கம் முதலில் பலகையில் பேர் எழுதி நட்டோம். பிறகு கல் வந்தது. இடம் ஆமியிடம் கைமாறியபோது ஒருமுறை இடித்தார்கள், திரும்பக் கட்டினோம். கடைசியில் புல்டோசரால் தட்டி, மேலே முகாம் அடித்தார்கள். முகாம் போன பிறகு சனம் உடைந்த துண்டுகளைப் பொறுக்கிக் குவித்து, அந்தக் குவியலுக்குத்தான் விளக்கு வைக்கிறது. அதிலிருந்து ஒரு துண்டை ஒருவர் சாரத்தில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்து இங்கே கொண்டுவந்திருக்கிறார். விமான நிலையத்தில் என்னவென்று கேட்டவனிடம் "அம்மி உடைஞ்சது" என்றாராம். அதுதான் இந்தச் சுவருக்கு அத்திவாரக் கல்.

நானும் செயற்குழுவில் இருக்கிறேன். பத்ரோன், அதுதான் முதலாளி, ஏசினாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் உணவகத்து வேலையை விட்டுவிட்டு அங்கே நிற்கிறேன். எங்கள் பிரசாந்தனின் பேரும் வருகிறது, அக்கா. நாலாவது கற்பலகையில், கண்மட்டத்தில்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். அத்தானுக்கு என் அன்பு.

உங்கள் தம்பி
வாமதேவன்


முல்லைத்தீவு
28.02.2024

தம்பி வாமதேவனுக்கு,

அக்கா. நாங்கள் இருக்கிறோம். முழங்கால் நோகிறது, அத்தான் இருமுகிறார். நீ சுகமாய் இரு.

பிரசாந்தன் செத்தான் என்று உனக்கு ஆர் சொன்னது?

இயக்கம் அவனைக் கொண்டுபோய் ஒரு வருடம்கூட இல்லை. கடைசி நாள் துவக்கைப் போட்டுவிட்டு என்னிடம் ஓடி வந்தான். ஆமி சரணடையச் சொன்னது என்று பாலத்தடியில் நான்தான் கையைப் பிடித்துக் கொண்டுபோய் விட்டேன். "பதிஞ்சுபோட்டு விடுவம் அம்மா, நீங்கள் போங்கோ" என்றான் தமிழ் தெரிந்த ஒருவன். பிள்ளை திரும்பிப் பார்த்து, "அம்மா, செருப்பை விட்டிட்டு வந்திட்டன்" என்றான். உயிரோடு போனவன். கொண்டுபோனவர்கள் இன்னும் பதில் சொல்லவில்லை.

ஏழு வருடமாய் மற்றத் தாய்மாரோடு தெருவோரக் கூடாரத்தில் அவன் படத்தைப் பிடித்துக்கொண்டு இருக்கிறேன். அரசாங்கக் கந்தோரிலிருந்து வந்து, மரணச் சான்றிதழ் தருகிறோம், வாங்கிக்கொண்டு எழும்புங்கள் என்கிறார்கள். ஒருத்தியும் வாங்கவில்லை. இப்போது உங்கள் சுவரைப் படம் எடுத்துவந்து காட்டமாட்டார்களா? "நீங்களே செத்தவன் எண்டு கல்லிலை வெட்டிப்போட்டு, இஞ்சை இருந்து என்ன கேக்கிறியள்?" என்று எல்லாருக்கும் முன்னால் கேட்டால் நான் முகத்தை எங்கே வைப்பேன்? என் ஒருத்தியால் அங்கே இருக்கிற எல்லாருடைய கேள்வியும் செத்துப்போகும்.

பேரை எடு. பேர் கொடுத்தது ஆர் என்றும் எழுது. போனில் இதைப் பேசாதே, கூடாரத்துக்குப் போகிறவர்களின் போனை ஆரோ கேட்கிறார்கள். கடிதமாய் எழுது.

வேளைக்குச் சாப்பிடு.

அக்கா
தில்லைநாயகி


லாச்சப்பல்
30.03.2024

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை உணவகத்துக் குசினியில் நின்று வாசித்தேன். ஒரு சட்டி பாலைக் கொட்டிவிட்டேன். நீங்களும் அத்தானும் சுகமாக இருக்கவேண்டும் என்றுதான் தினமும் கும்பிடுகிறேன்.

கூட்டத்தில் சொன்னேன். தலைவர் நல்ல மனிதர்தான், ஆனால் பிடிச்சால் பிடி. "ஒரு பேரை எடுத்தால் நாளைக்குப் பத்துப் பேர் வருவினம், வாமதேவன்" என்கிறார். பேர்கள் கல் வெட்டுகிறவனிடம் போய்விட்டனவாம். இன்னொன்றும் சொல்ல வேண்டும், மறைத்தால் பிறகு என்னைத்தான் பேசுவீர்கள். ஒவ்வொரு பேருக்கும் நேரே இறந்த நாளும் வரும். நாள் தெரியாத எல்லாருக்கும் ஒரே நாளைப் போடுகிறார்கள். போர் முடிந்த நாள், 18.05.2009.

பேர் கொடுத்தது ஆர் என்று கேட்டீர்கள். கோபிக்க ஓர் ஆள் வேண்டுமென்றால் நான் இருக்கிறேன், என்னைக் கோபியுங்கள்.

அத்தானுக்கு நல்ல மருந்து எடுங்கள்.

உங்கள் தம்பி
வாமதேவன்


முல்லைத்தீவு
22.04.2024

வாமதேவனுக்கு,

நலம் கேட்டு எழுத மனமில்லை. இருக்கிறாய் என்று நினைக்கிறேன்.

என் பிள்ளைக்குத் திதி குறிக்க உங்கள் தலைவர் என்ன ஐயரா? அந்த நாளை எனக்குத் தெரியாதா? அன்று காலை அவன் உப்பில்லாத கஞ்சி குடித்தான், எனக்கும் வைத்துவிட்டுக் குடித்தான். அன்றுதான் அவன் கை என் கையை விட்டுப் போனது. நான் உயிரோடு ஒப்படைத்த நாளையே அவன் செத்த நாள் என்று வெட்டினால், அவனைக் கொன்றது நானல்லவா?

நாள் தெரிந்துவிட்டால் திவசம் செய்யவேண்டும். படைக்கவேண்டும், காகத்துக்கு வைக்கவேண்டும். வாசலைப் பார்த்துச் சோறு மூடி வைக்கிற நான், கூரையைப் பார்த்துச் சோறு வைக்கவேண்டும். என்னால் ஏலாது.

உன் கடிதத்தை உன் அத்தானுக்கு வாசித்துக் காட்டினேன். தண்ணீர் கேட்டார். அவர் இப்போது கூடாரத்துக்கும் வருவதில்லை, வாசல் படலையைப் பார்த்தபடி கதிரையில் இருக்கிறார்.

பேர் எடுபடுகிறவரை எனக்கு எழுதாதே.

தில்லைநாயகி


லாச்சப்பல்
02.06.2024

அன்புள்ள அக்காவுக்கு,

எழுதாதே என்றீர்கள், எழுதுகிறேன். அடிக்க வேண்டுமென்றால் வந்து அடியுங்கள். நீங்கள் சுகம்தானே? அத்தான் சாப்பிடுகிறாரா?

போன சனிக்கிழமை பொபினியில் கல் வெட்டுகிறவனின் பட்டறைக்குப் போனேன். ழான்-மார்க் என்று பேர். எங்கள் எழுத்து ஒன்றும் அவனுக்குத் தெரியாது. பேர்களை ரப்பர் தாளில் வெட்டி ஒட்டி, மணலைக் காற்றோடு அடித்துக் கல்லைக் குடைகிறான். நாலாவது பலகை ஏற்கெனவே முடிந்து சுவரில் சாய்ந்து நின்றது.

தேடிப் பிடித்தேன், அக்கா. பூபாலசிங்கம் பிரசாந்தன். தொட்டுப் பார்த்தேன். விரல் நுனி உள்ளே போகிறது.

இந்தப் பேரை அழிக்க முடியுமா என்று என் உடைந்த பிரெஞ்சில் கேட்டேன். ஏன், பிழையா என்றான். ஆள் செத்ததோ தெரியாது என்றேன். கையிலிருந்த தூசைத் தட்டிவிட்டுச் சொன்னான். தன் ஊர்ச் சந்தியிலும் முதலாவது உலகப் போருக்குப் போன பொடியன்களின் பேர்க் கல் இருக்கிறதாம். உடல் வராத ஒருவனின் தாய், திறப்பு நாளில் தன் மகனின் பேர்மேல் துணியைப் போட்டு மூடினாளாம், ழான்-மார்க்கின் பாட்டன் பார்த்தவராம். "கல்லை அழிக்க முடியாது. கறுப்புப் பசையால் அடைக்கலாம். அடைத்தால் அடைத்ததுதான், திரும்ப வெட்டினால் உடையும்" என்றான்.

என்ன செய்யட்டும்? எடு என்று நீங்கள் சொல்லிவிட்டீர்கள். ஆனால் எடுக்கக்கூடாது என்று நினைக்கிறவர்களும் இருக்கக்கூடும், அவர்களுக்கும் அவன் பிள்ளைதான். யோசித்து ஒரு வரி எழுதுங்கள்.

உங்கள் தம்பி
வாமதேவன்


லாச்சப்பல்
19.07.2024

அக்கா,

நீங்கள் நலமாக இருக்கிறீர்கள் என்று பக்கத்து வீட்டு வதனியிடம் கேட்டு அறிந்தேன். உங்களிடம் கேட்க எனக்கு வழியில்லை.

கடைத்தெருவில் எங்கள் மாவட்டத்து ஆட்கள் என்னைக் கண்டால் மற்றப் பக்கத்தால் போகிறார்கள். "மாவீரன்ர பேரை அழிக்கத் திரியிறவர்" என்று மரக்கறிக் கடையில் ஒருவர் எனக்குக் கேட்கத்தக்கதாகச் சொன்னார். நான் வெண்டிக்காயை முறித்துப் பார்த்துக்கொண்டு நின்றேன். நேற்றுச் சண்டை பிடித்தேன், செயற்குழுவை விட்டும் விலகினேன். கடைசியில் தலைவர், "உன்ர பொறுப்பு, எடுக்கிறதெண்டா எடு, கல்லை வாற மாதக் கடைசியிலை சுவரிலை பூட்டுறம்" என்றார்.

எடுக்கவா, விடவா? ஒரு சொல் எழுதுங்கள். எழுதாவிட்டால் நீங்கள் முதலில் சொன்னபடியே செய்வேன்.

வாமதேவன்


முல்லைத்தீவு, ஆஸ்பத்திரி
25.08.2024

தம்பி வாமதேவனுக்கு,

அத்தான் பூபாலசிங்கம். நீர் தேகசுகத்தோடு இருக்கப் பிள்ளையாரை வேண்டுகிறேன். எனக்கு நெஞ்சில் நீர் கட்டி இங்கே மறித்துவிட்டார்கள். எழுத்துக் கோணினால் பொறுத்துக்கொள்ளும்.

பேரைக் கொடுத்தது நான் என்பதை நீர் இதுவரை உமது அக்காவிடம் சொல்லவில்லை. போன வருடம் திருவிழாவுக்கு வந்த உமது கூட்டாளியிடம் நான் வாயால் சொல்லிவிட்ட பேர் அது. எனக்காக ஏச்சு வாங்குகிறீர். இதற்கு நான் என்ன கைம்மாறு செய்யப் போகிறேன்?

தம்பி, அவளுக்குக் காத்திருக்க ஒரு கூடாரம் இருக்கிறது, கூட இருந்து அழ ஆட்கள் இருக்கிறார்கள். நான் பதினைந்து வருடமாய்ப் படலைச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு வீட்டில் இருந்தேன். காற்றுக்கு ஆடினாலும் எழும்பிப் போய்ப் பார்ப்பேன். நாய் தள்ளினாலும் போவேன். எனக்கு இனி எழும்ப ஏலாது. அவன் வரமாட்டான் என்று உலகத்தில் ஓரிடத்திலாவது எழுதியிருந்தால் நான் படலையைப் பாராமல் படுப்பேன். அவன் பேரை ஒரு கண் தெரியாதவனாவது தடவிப் பார்க்கட்டும்.

அவள் எடுக்கச் சொன்னாலும் எடுக்கவேண்டாம். அவளிடம் நானே சொல்கிறேன், தைரியம் வரட்டும்.

நன்றாக இரும்.

அத்தான்
சி. பூபாலசிங்கம்


லாச்சப்பல்
14.09.2024

பெருமதிப்புக்குரிய அத்தானுக்கு,

நீங்கள் சுகமாகி வீடு வந்திருக்கவேண்டும் என்று நினைத்து வீட்டு விலாசத்துக்கே எழுதுகிறேன்.

உங்கள் கடிதம் கிடைத்தபோது எல்லாம் முடிந்துவிட்டது. அக்காவிடமிருந்து பதில் வரவில்லை. கல்லைப் பூட்டுவதற்கு முதல் நாள் பட்டறைக்குப் போய், பேரைச் சுற்றி நானே சோக்கால் கோடு போட்டேன். பக்கத்தில் நாளும் இருந்தது. அதில் கை வைக்க எனக்கு மனம் வரவில்லை, பேரைச் சொன்னால் அதோடு நாளும் போகும் என்று நினைத்துவிட்டேன். நின்று பார்க்கப் பயந்து திரும்பி வந்துவிட்டேன். தமிழ் தெரியாத மனிதன், கோட்டுக்குள் இருந்ததை மட்டும் அடைத்திருக்கிறான்.

சுவரில் பூட்டிய பிறகுதான் பார்த்தேன், அத்தான். பேர் இருந்த இடம் வழுவழுவென்று கறுப்பாய் இருக்கிறது. அதற்கு நேரே 18.05.2009 மட்டும் நிற்கிறது.

அக்காவுக்கும் உதவவில்லை, உங்களுக்கும் உதவவில்லை. என்னை மன்னியுங்கள் என்று எழுதவும் கூசுகிறது.

வாமதேவன்


முல்லைத்தீவு
20.10.2024

அன்புள்ள தம்பிக்கு,

நீ சுகமாய் இரு. எனக்கு இனிச் சுகத்தை ஆர் கேட்கிறது.

அத்தான் போன செய்தியை வதனி போனில் உனக்குச் சொன்னபோது பக்கத்தில் இருந்தேன். நீ அந்தப் பக்கம் அழுதது கேட்டது. போனை நான் வாங்கவில்லை. அவருக்கு நீ எழுதிய கடிதம் எட்டாம் நாள், எட்டுச்செலவு அன்று வந்தது. பிரிக்கவில்லை, அவர் படத்துக்குக் கீழே வைத்திருக்கிறேன். அது அவருக்கு வந்தது.

போவதற்கு முதல் நாள் என்னைக் கிட்டக் கூப்பிட்டார். "பேரைக் குடுத்தது நான். வாமதேவனைப் பேசாதை" என்றார். பதினைந்து வருடமாய் ஒரு பாயில் படுத்திருக்கிறோம், அவர் பிள்ளையை எப்போதோ அனுப்பிவிட்டார், எனக்குத் தெரியவில்லை. கோபம் வந்தது. அவருடைய கையைப் பார்த்தேன், ஊசி குத்திக் குத்தி நீலமாய் இருந்தது. கோபத்தை வைக்க இடமில்லை. உன்னைப் பேசியதெல்லாம் என் வாயில் கிடந்து கசக்கிறது, தம்பி.

இப்போது சொல்வதை ஆருக்கும் சொல்லாதே. முற்றத்தில் கிடத்திக் கிரியை தொடங்கியபோது ஐயர் கேட்டார், "கொள்ளி வைக்கிறது ஆர்? மகன் இருக்கிறாரோ?" அவருடைய தம்பி மகன் தினேஸ் ஈர வேட்டியோடு நின்றான். "இவர் செய்வார்" என்றார்கள். ஐயர் விடவில்லை. "மகன் இருந்தா, அவருக்காண்டி இவர் தர்ப்பை வாங்கிச் செய்யலாம், மகன்ர பேர் நட்சத்திரம் சொல்லவேணும். இல்லையெண்டா இவர் தன்ர உரிமையிலை செய்யிறார். எதெண்டு அம்மாதான் சொல்லவேணும்" என்றார்.

ஒப்பாரி நின்றுவிட்டது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். கூடாரத்தில் கமராக்காரருக்குச் சொல்லியிருக்கிறேன், வெள்ளைக்காரருக்குச் சொல்லியிருக்கிறேன், வெயிலில் நின்று கத்தியிருக்கிறேன். அவன் அப்பாவின் பிரேதத்துக்கு முன்னால் சொல்ல நாக்கு எழும்பவில்லை. அவர் முகத்தைப் பார்த்தேன். பிறகு சொன்னேன், "இருக்கிறான். பேர் பிரசாந்தன். பூராட நட்சத்திரம்."

ஐயர் அப்படியே சொல்லித் தினேசிடம் தர்ப்பையைக் கொடுத்தார். அந்தச் சொல்லை நான் நம்பாமல் சொன்னது அதுதான் முதல் தடவை. வேறு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

ஆனபடியால் ஒன்று கேட்கிறேன். கல்லில் பேர் இருக்கட்டும். அவர் கேட்டது, இருக்கட்டும். உயிரோடு இருக்கிறவனுக்கும் பேர் இருக்கிறதுதானே, கூடாரத்தில் ஆரும் கேட்டால் அப்படிச் சொல்லுவேன். பக்கத்தில் வெட்டியிருக்கிற அந்த நாளை மட்டும் எடுத்துவிடு. உன் காலில் விழுந்து கேட்கிறேன், நாளை எடு.

அக்கா


லாச்சப்பல்
17.11.2024

அக்கா,

எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்க எனக்குத் தகுதி இல்லை. நான் இருக்கிறேன்.

அத்தானின் படத்தடியில் இருக்கும் கடிதத்தை நீங்கள் பிரித்திருந்தால் இதை எழுத வேண்டியிருக்காது. பேர் போய்விட்டது, அக்கா. நீங்கள் பேசாமல் இருந்தது கோபத்தில் என்று நினைத்து நானே கோடு போட்டு அடைப்பித்தேன். நாளை விட்டுவிட்டேன். நீங்கள் வேண்டாம் என்றது நிற்கிறது, இருக்கட்டும் என்றது இல்லை.

உங்கள் கடிதத்தோடு அன்றே ழான்-மார்க்கிடம் ஓடினேன். பசைமேல் திரும்ப மணல் அடித்தால் பலகை வெடிக்கும் என்று தலையாட்டிவிட்டான். அந்தத் தேதியையாவது அடைத்துத் தா என்றேன். தலைவர் எழுதிக் கேட்டால் வந்து அடைக்கிறேன் என்றான். தலைவரோ, "ஒருக்கா உன்ர பேச்சைக் கேட்டு ஒரு பிள்ளையை அழிச்சம். இனி அந்தக் கல்லிலை ஒருத்தரும் கை வைக்கேலாது. நாள் இருக்கட்டும், வாற சனம் அதுக்காவது விளக்கு வைக்கும்" என்கிறார். அவர் வீட்டு வாசலில் இருந்து அழுதேன், அக்கா, அறுபது வயதில். அவருடைய மனைவி தேத்தண்ணீர் தந்தா. குடித்துவிட்டு வந்தேன்.

என்ன செய்யட்டும்? நீங்கள் சொல்வதைச் செய்கிறேன். இந்த முறை நீங்கள் சொல்லாமல் ஒன்றும் செய்யமாட்டேன்.

வாமதேவன்


முல்லைத்தீவு
02.03.2025

என் தம்பிக்கு,

மூன்று மாதம் பதில் எழுதவில்லை. நீ சாப்பிடாமல் இருக்கிறாய் என்று வதனி சொன்னாள். சாப்பிடு. எனக்கு முழங்கால் வீங்கியிருக்கிறது, நடக்கிறேன், கூடாரத்துக்குப் போகிறேன். கூட இருந்த இரண்டு தாய்மார் இந்த மாரியோடு போய்விட்டார்கள். அவர்களுடைய பிள்ளைகளின் படங்களையும் நாங்கள்தான் பிடிக்கிறோம்.

உன்னில் எனக்குக் கோபம் இல்லை. நான் ஒரு வரி எழுதியிருந்தால் நீ கோடு போட்டிருக்கமாட்டாய். வீம்பு பிடித்தேன். அவருக்கு வந்த கடிதத்தைப் பிரித்து, அவர் படத்துக்கு வாசித்துவிட்டு மூடி வைத்துவிட்டேன்.

மே பதினெட்டு, திறப்பு அன்று நீ அங்கே போ. பத்ரோனிடம் முன்னதாகவே லீவு கேள். உன்னைப் பேசுவார்கள், பேசட்டும், போ. நேரே நாலாவது பலகைக்குப் போய், அந்த நாளுக்கு முதுகைக் கொடுத்துக்கொண்டு நில். அதற்கு ஒருத்தரும் விளக்கு வைக்கக்கூடாது. ஒருத்தரும் பூப் போடக்கூடாது. படம் எடுக்கிறவன் வந்தாலும் விலகாதே, உன் முதுகுதான் படத்தில் வரவேண்டும். தலைவர் தள்ளச் சொன்னால், "அக்கா நிக்கச் சொன்னவ" என்று சொல்லு. ஆட்கள் எல்லாரும் போய், விளக்குகள் நூர்ந்து அணையும்வரை நில். அடுத்த வருடமும் நில். அதற்கு அடுத்த வருடமும் நில்.

பிரசாந்தன் வந்து, "மாமா, கொஞ்சம் தள்ளுங்கோ, என்ன எழுதியிருக்கெண்டு பாப்பம்" என்றால் மட்டும் விலகு.

கனநேரம் நிற்கவேண்டி வரும். காலுக்கு நல்ல சப்பாத்தாகப் போட்டுக்கொண்டு போ.

அக்கா
தில்லைநாயகி